மழைக் கவிதை அனுப்பாதீர்கள்

கேள்வி: வெயில் காயும் நாளில்கூடக் கையில் குடையோடு ஒரு மாதமாகச் சுங்கை சிப்புட் பட்டணத்தைச் சுற்றி வருகிறீர்களாமே? ரப்பர் தோட்டங்கள் போய்விட்டன, இருந்த சனமும் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டது. அந்த ஊரில் அப்படிப் பார்க்க என்னதான் இருக்கிறது?
— ஒரு வாசகி, ஈப்போ

பதில்: ஈப்போவில் இருந்துகொண்டே என் கையில் குடை இருப்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறீர்கள். துப்புக் கொடுத்தவர் யார் என்று எனக்கும் தெரியும். அந்தக் கணக்கை அவரோடு தனியாகத் தீர்த்துக்கொள்கிறேன். குடை என்னுடையது அல்ல, அக்காவுடையது. அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். "நல்ல வெயில்தானே அடிக்குது" என்று சொல்லிப் பார்த்தேன். "காலையிலே அடிக்கிற வெயிலை நம்பாதே தம்பி" என்று கையில் திணித்துவிட்டார். ஆக, இந்தப் பதில் குடையைப் பற்றித்தான் இருக்கும். சுற்றுலாக் குறிப்பு எதிர்பார்த்தவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

தமிழுக்கும் மழைக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வள்ளுவர் கடவுளை வாழ்த்தி முடித்ததும் அடுத்த அதிகாரத்தையே மழைக்குக் கொடுத்துவிட்டார். பெய்தால் மகிழ வேண்டும். பெய்யாவிட்டால் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைத்தாவது பெய்ய வைக்க வேண்டும். இதெல்லாம் நெல் விதைத்தவன் சொத்து. கித்தாக் காட்டுக்கு, அதாவது மலாயாவின் ரப்பர் தோட்டத்துக்கு, கப்பலேறி வந்தவன் அதையும் சேர்த்துத்தான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தான். இறங்கிய மறுநாளே அது செல்லாக்காசாகிவிட்டது. மரத்துக்கு மழை வேண்டும். மரம் வெட்டுகிறவனுக்கு, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவனுக்கு, மழை ஆகாது.

தோட்டத்தைப் பார்க்காத தலைமுறைக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடியும் பொழுதில்தான். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பாலும் சுண்டிவிடும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொசுவத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு இருட்டிலேயே நிரைக்கு, அதாவது தங்கள் மர வரிசைக்கு, போவார்கள். பட்டை நனைந்திருந்தால் வேலை இல்லை. வெட்டிய கோட்டில் ஒழுங்காக இறங்கி மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துக்கு வரவேண்டிய பால், ஈரப் பட்டையில் பரவி மரம் முழுக்க வழிந்துவிடும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்தால் இன்னும் மோசம். மங்கில் நிறைந்ததை மழை அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சியதை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கிப் போனால், கணக்கெழுதும் கிராணி, பாலின் கெட்டியை அளக்கும் மெட்ரோலாக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன, தண்ணி கலந்தியா?" என்பார். கலந்தது வானம். ஏச்சு வாங்கியது நம் அம்மாக்கள்.

மழை விட்டும் விடாமலும் இருக்கிற காலையில் எல்லோரையும் பிரட்டில், அதாவது பேர் கூப்பிடும் இடத்தில், நிற்க வைத்திருப்பார்கள். கங்காணி போய் மரத்தைத் தொட்டுப் பார்த்து வருவார். காய்ந்திருக்கிறது என்றால் நேரம் கழித்தாவது வெட்டு உண்டு. இல்லையென்றால் வெறுங்கையோடு வீட்டுக்கு. அத்தனை வீட்டு அடுப்பும் அந்த ஆளின் உள்ளங்கையில்.

அக்கா நிரையை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, லயத்து வரிசை வீட்டைக் காலி பண்ணி, பிள்ளைகள் தாமானில் வாங்கிய வீட்டுக்கு வந்தாயிற்று. இன்னமும் நாலு மணிக்கு எழுந்து பின்கதவைத் திறக்கிறார். விளக்குப் போடுவதில்லை. கையை மட்டும் வெளியே நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, கொஞ்ச நேரம் நிற்கிறார். கதவுக்கு அப்பால் காடும் இல்லை, நிரையும் இல்லை. அடுத்த வீட்டுச் சுவரும் ஒரு கேஸ் தோங்கும் (சிலிண்டரும்)தான். தூறல் விழுந்தால் சூள் கொட்டுவார். "என்னக்கா?" என்றால், "ஒண்ணுமில்லே, மழை." அன்றைக்குக் கோப்பியில் சீனி குறைவாக இருக்கும். நான் குறை சொல்லவில்லை, வைத்தியரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

சரி, இது ஒரு வீட்டுக் கதை என்று நினைத்தேன். பாசார் பக்கத்துச் சீனர் கோப்பிக்கடைக்குப் போய் உட்கார்ந்தால் அங்கேயும் இதே கதை. விடியுமுன்னே ஒரு மேசை நிறைந்துவிடும். எல்லோரும் பழைய வெட்டு ஆட்கள், லோரி ஓட்டியவர்கள், ஸ்டோரில் பால் நிறுத்தவர்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பழைய மணிக்கு அஞ்சரை" என்றார். 1982 ஜனவரி 1-ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்துக் கடிகாரங்களை எல்லாம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அரசாங்கம் தள்ளியது, சூரியன் தள்ளிக்கொள்ளவில்லை, இவரும் தள்ளிக்கொள்ளவில்லை.

பந்து விளையாட்டைப் பற்றி மேசை அதிரப் பேசிக்கொண்டிருந்தவர்கள், தகரக் கூரையில் மழை விழுந்த சத்தம் கேட்டதும் அடங்கிப்போனார்கள். "போச்சு போ, இன்னிக்கு" என்றார் ஒருவர். "அண்ணே, உங்களுக்கு என்ன போச்சு?" என்று கேட்டேன். மகன் சிங்கப்பூரில் சம்பாதிக்கிறான், மகள் ஆசிரியை, மனுஷன் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதைத் தவிர வேறு வேலை பார்ப்பதில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணும் போகல. ஆனா போச்சு." கல்லாவிலிருந்த கடை முதலாளி, தவுக்கே, நல்ல தமிழில் சொன்னார்: "மழைன்னா இவங்க ரெண்டாவது கோப்பி கேக்க மாட்டாங்க." அப்புறம் நான் கவனித்துப் பார்த்தேன். உண்மைதான். மழைக் காலையில் அந்த மேசைக்கு இரண்டாவது கோப்பி போவதில்லை. ஒருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்வதில்லை. பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு ஒரு பேர் வைத்திருப்பார்கள். தவுக்கே மழைக்காலத்தில் பால் டின் குறைவாக எடுக்கிறார், அவருக்கு அது போதும்.

இப்போது கவிஞர்களிடம் வருகிறேன். வராமல் விடமாட்டேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்தப் பத்திரிகைக்கு வரும் கவிதைகளில் பாதி மழை. துளி ஒன்று ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து அழும். தேநீர்க் கோப்பையில் ஆவி பறக்கும். காதலி நனைந்துகொண்டே வருவாள். வராவிட்டால் அதற்கு ஒரு தனிக் கவிதை. எழுதுகிறவர்கள் யார் என்று பார்த்தால் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். ஒருவருக்குக் கடிதம் போட்டேன்: "ஐயா, கவிதையில் மழை நன்றாகப் பெய்திருக்கிறது. இப்படிப் பெய்த நாளில் உங்கள் அம்மா மத்தியானத்துக்கு என்ன சமைத்தார்?" பதில் வந்தது: "தாங்கள் ரசனையற்றவர்." சந்தாவையும் நிறுத்திவிட்டார். கொஞ்ச நாள் கழித்து, மழைதானே பிடிக்கவில்லை என்று, உறைபனியைப் பற்றி ஒரு கவிதை அனுப்பினார். உறைபனி! நம் பேராக் மாநிலத்தில்! ஐஸ் கச்சாங் கடையைத் தவிர இவர் வேறு எங்கே பார்த்தாரோ. அதிலும் சிவப்புச் சீனிப்பாகு இல்லை, சோளம் இல்லை.

அவரையே இந்த மாதம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போகிற வழியில் பார்த்தேன். திடீர் மழை. தலையில் ஒரு பிளாஸ்டிக் பை, கையில் நனைந்த அப்பம் பாலிக், மோட்டார் கிளம்பவில்லை. "சனியன் பிடிச்ச மழை" என்றார், என்னிடம் அல்ல, பொதுவாக. நான் எழுத்துப் பிழை திருத்துகிறவன். இந்த வரியில் ஒரு பிழையும் இல்லை. அனுப்பினால் போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் என்னை அடையாளம் கண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். குடையில் இடம் தருகிறேன் என்றும் கூப்பிடவில்லை. பத்திரிகை தர்மம்.

நாங்கள் இருவரும் அப்போது நின்றிருக்க வேண்டிய இடம் அஞ்சடி. நிற்கத்தான் இடமில்லை. கடை வரிசைக்கு முன்னால் கூரையோடு தொடர்ச்சியாக ஒரு நடைபாதை விடவேண்டும் என்று ராஃபிள்ஸ் 1822-இல் சிங்கப்பூருக்கு வகுத்த திட்டத்திலேயே சொல்லியாகிவிட்டது. பிறகு மலாயாப் பட்டணங்களுக்கெல்லாம் அது பரவியது. நடக்கிறவன் நனையக்கூடாது, காயக்கூடாது, அவ்வளவுதான் சங்கதி. நம் ஊரில் அதில் நடந்து பாருங்கள். முதல் கடைக்கு முன்னால் அரிசி மூட்டை. அடுத்த கடைக்கு முன்னால் பூமாலையும் வாளியும். அதற்கடுத்து விற்பனைக்கா வீட்டு உபயோகத்துக்கா என்று தெரியாத ஒரு சோபா. அதைத் தாண்ட மழையில் இறங்கி ஏற வேண்டும். இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினேன் என்று ஒரு பிளாஸ்டிக் சாமான் கடைக்காரர் கணக்கு வைத்திருக்கிறார். கடையைத் தாண்டும்போது கூப்பிட்டு நிறுத்தினார். "நீங்க எழுதுற தாளை வீட்டுக்குள்ளே வச்சுக்கலாம் சார். வாளியை எங்கே வைக்கிறது?" என்றார். வாளி வாங்கிக்கொண்டு வந்தேன். சண்டை முடிந்ததாக அவர் நினைக்கவேண்டாம்.

மோட்டாரில் போகிற இளைஞர்கள் சட்டைக்கு மேலே ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு போவதை வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எதிர்க்காற்றும் மழையும் நெஞ்சில்தான் அடிக்கும் என்பதால் அந்த ஏற்பாடு. முதுகு நனைந்தால் நனையட்டும். நன்றாக யோசித்துச் செய்த காரியம், எனக்கு ஆட்சேபம் இல்லை. தமிழ் முஸ்லிம் உணவகமான மாமாக் கடையில் எதிரே உட்கார்ந்த பங்களாதேஷ் தம்பிக்குக் குடையும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை. செம்பனைக் குலை வெட்டுகிறவன். "மழைன்னா லீவா?" என்று கேட்டேன். தமிழில் பதில் சொன்னான்: "மழை வந்தா சேறு அண்ணே. பழம் பழுக்கும், வேலை இருக்கும்." ஒரே மண்தான். பயிர் மாறியதும் மழை மேல் இருந்த பயமும் மாறிவிட்டது. அவன் வானத்தைப் பார்ப்பதே இல்லை, கைப்பேசியைத்தான் பார்க்கிறான். வீட்டில் பெண் குழந்தை பிறந்து படம் வந்திருந்தது. காட்டினான்.

இந்த ஊர் என்றதும் எல்லோரும் கேட்பது 1948. ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி மலாயாவில் அவசரகாலச் சட்டம் வந்தது, 1960-இல்தான் எடுத்தார்கள். அதே ஜூன் 16-இல், 1919-ஆம் வருஷம், இதே ஊரில் பிறந்தவர், ம.இ.கா. என்கிற மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்களைத் துண்டாடி விற்றுத் தொழிலாளிகளைத் தெருவில் விட்டபோது, அவர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்த 1960-இல்தான். மழை பிடுங்கியது போக மிஞ்சிய கூலியில் பங்கு வாங்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம். சோதிடம் தெரிந்தவர்கள் ஜூன் 16-ஐ வைத்து ஒரு பக்கக் கட்டுரை அனுப்பலாம். கவிதையாக வேண்டாம்.

அப்புறம் ஒருநாள் அக்காவைக் கோலகங்சாருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அதில் மிஞ்சியது என்று சொல்லப்படும் மரம் வேலியும் பலகையுமாக நிற்கிறது. நம் பாட்டன் பூட்டனை எல்லாம் கப்பலேற்றிய மரம். அக்கா ஆயுசு முழுக்க இதன் வம்சத்தை வெட்டியிருக்கிறார், இதைப் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டாலும் கும்பிடுவார் என்று கொஞ்சம் தள்ளி நின்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை வருஷ மரம்?"

"நூத்தம்பது நெருங்குது."

"முப்பது வருஷத்துக்கு மேலே விட்டா தோட்டத்துக்கு நட்டம். எந்தத் துரை இதை விட்டு வச்சிருக்கான்?"

"துரை இல்லேக்கா, அரசாங்கம். இது சரித்திரம்."

"மங்கு கட்டலியே?"

"யாரும் வெட்டுறதில்லே."

அக்கா இன்னொரு முறை அடியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தார். "குடுத்து வச்ச மரம்" என்றார். "மழை பேஞ்சாலும் அதே சாப்பாடு."