கடிதம் எழுதிச் சம்பாதிக்கலாமா?

சனிக்கிழமைதோறும் ஈரோட்டு மஞ்சள் சந்தை பற்றி ஒரு மின்மடல் அனுப்புகிறேன். சந்தா கட்டித்தான் படிக்கிறார்கள். வீட்டுச் செலவில் பெரும்பகுதி அதில்தான் நடக்கிறது. அதனால் நியூஸ்லெட்டர் பற்றி வந்த கடிதங்களை எல்லாம் ஆசிரியர் இந்த முறை என்னிடம் தந்துவிட்டார். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஒரு வருஷமாக வாரம் ஒரு மின்மடல் எழுதுகிறேன். பயணம், சமையல், படித்த புத்தகம் என்று எல்லாமே எழுதுவேன். படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் 140 பேரைத் தாண்டவில்லை. இதில் வருமானம் வருமா? எங்களுக்குத் தென்னந்தோப்பு உண்டு. அப்பாவுக்கு வரவு செலவு எழுதுவது நான்தான்.
– வாசகி, பொள்ளாச்சி

அம்மணி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தோப்புக் கணக்குப் பார்க்கிறவர் சமையல் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்களே!

'நன்றாக இருக்கிறது' என்று சொல்கிறவர் காசு கட்டுவது அபூர்வம். இந்த வாரம் கடிதம் வராவிட்டால் கை ஒடிந்த மாதிரி நினைக்கிறவர் கட்டுவார். என் சந்தாதாரர்களில் நிறையப் பேர் மஞ்சள் போடுகிறவர்கள் இல்லை. மொடக்குறிச்சியிலோ சிவகிரியிலோ பிறந்து, இப்போது கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள். ஊரில் அப்பா வெட்டி, வேகவைத்து, காயப்போட்டு, மூட்டை பிடித்து குடோனில் அடுக்கியிருக்கிறார். இப்போது விற்பதா, இன்னும் ஆறு மாதம் வைப்பதா என்று ராத்திரி போனில் பேச்சு நடக்கிறது. மஞ்சளை வண்டு விழாமல் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் வைக்கலாம், அதனால் இந்தக் கேள்வி ஓயவே ஓயாது. பல வருஷமாகப் பெரும்பாலும் குவிண்டால் பத்தாயிரத்துக்குள்ளேயே கிடந்த விலை 2023-இல் அதைத் தாண்டிப் போனது. வைத்திருந்தவர்கள் கடனை அடைத்தார்கள். கோடையிலேயே கொடுத்தவர்கள் இன்னமும் சொல்லிப் புலம்புகிறார்கள். அந்த ஒரு முடிவில் ஒரு குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் வித்தியாசம். அதை யோசிக்க உதவும் கடிதத்துக்கு வருஷம் சில நூறு ரூபாய் கொடுக்க அவர்கள் தயங்குவதில்லை.

உங்கள் ஊரில் தென்னையைச் சுற்றி இதே மாதிரி எத்தனை கேள்விகள்! இளநீருக்கு விடுவதா, காய் முற்றவிட்டுக் கொப்பரைக்குக் கொடுப்பதா? வாராவாரம் இளநீருக்குப் பண்ணை விலை சொல்கிறார்கள், அது தோப்பில் கைக்கு வருகிறதா? வேர்வாடல் வந்த மரத்தை வைத்துக்கொள்வதா, வெட்டிவிடுவதா? வெள்ளை ஈக்கு ஊரில் யார் என்ன செய்து எது பலித்தது? 2025-க்கு மத்திய அரசு, எண்ணெய் ஆட்டும் அரவைக் கொப்பரைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையாகக் குவிண்டாலுக்கு 11,582 ரூபாய் அறிவித்தது. வெளிச்சந்தையில் காங்கயத்துக் கொப்பரைக் களத்துக்காரர்கள் அன்றைக்கு என்ன கொடுத்தார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே ஒரு கடிதம் ஆயிற்று. ஆழியார் நகரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பேருந்து ஏறிப் போய்க் கேட்டு எழுதுங்கள். அப்பாவின் நோட்டில் இருக்கும் பறிகூலி, உரச்செலவு கணக்கை, அவர் சம்மதித்தால், மாதம் ஒருமுறை அப்படியே போடுங்கள். அந்த மாதிரி கணக்கு வேறெங்கும் கிடைக்காது.

140 பேரைத் தாண்டவில்லை என்றீர்கள். முதல் நூறு பேரைக் கையால்தான் சேர்க்க வேண்டும். ஆனைமலை, கிணத்துக்கடவு பக்கம் தோப்புக்காரர்களுக்கு ஒரு மாதிரிக் கடிதத்தை அனுப்பி, 'தொடர்ந்து அனுப்பட்டுமா?' என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். சம்மதம் சொன்னவரை மட்டும் சேருங்கள். கோவை கொடிசியாவில் வருஷாவருஷம் நடக்கும் வேளாண் கண்காட்சிக்கு ஒரு க்யூஆர் அட்டையோடு போங்கள். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'தோப்பு வைத்திருக்கும் ஒருவருக்கு இதை அனுப்புங்கள்' என்று ஒரே ஒரு வரி. என் பட்டியல் வளர்ந்தது பெரும்பாலும் அந்த ஒரு வரியால்தான். மின்னஞ்சல் பட்டியலை விலைக்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சமையல் எழுதுவதை விடச் சொல்லவில்லை. அது உங்கள் சந்தோஷத்துக்கு, தனியாக இருக்கட்டும்.

பனியன் கம்பெனியில் பர்சேஸ் பார்க்கிறேன். நூல் விலை, நிட்டிங் கூலி பற்றி நண்பர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தது, இப்போது 600 பேர் படிக்கிறார்கள். கட்டணம் வைக்கலாமா? எவ்வளவு? மின்மடல் அனுப்பும் சப்ஸ்டாக் தளத்தில் வைத்தால் போதுமா?
– வாசகர், திருப்பூர்

வைக்கலாம் தம்பி, தாராளமாக. ஆனால் முதலில் உங்கள் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். கம்பெனி என்ன விலைக்கு வாங்கியது, எந்த மில்லுக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் சம்பளத்தோடு உங்களை நம்பிக் கொடுத்த விஷயம். அது ஒரு வரிகூடக் கடிதத்தில் வரக்கூடாது. ஊரில் நாலு பேரிடம் பேசித் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

மாதத் தொடக்கத்தில் மில்கள் நூல் விலை அறிவிப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள். அந்த விலை நிற்குமா, இறங்குமா என்று கணிக்க உதவும் சங்கதிதான் சரக்கு. 2025 ஆகஸ்டில் பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியைத் தற்காலிகமாக விலக்கினார்கள். செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்தது. ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, பஞ்சின் விலை எவ்வளவு மாறும், அது 30-ஆம் நம்பர் நூலில் எப்போது தெரியும், கையில் ஆர்டர் இருப்பவர் இன்றைக்கு வாங்கலாமா என்று விளக்கியிருந்தால், அந்தக் கடிதத்தைக் கம்பெனி கம்பெனியாக அனுப்பியிருப்பார்கள். கிலோவுக்கு ஐந்து ரூபாய் மாறினால் ஒரு டன்னுக்கு ஐயாயிரம். உங்கள் வாசகர் வாங்குவது எத்தனை டன் என்று யோசித்தால், வருஷம் 1,500 ரூபாய் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

எதை இலவசமாக விடுவது, எதற்குப் பணம் கேட்பது என்பதில் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. தைவானில் இருந்துகொண்டு பென் தாம்ப்சன் என்ற அமெரிக்கர் 2014-இல் தன் தொழில்நுட்ப மடலுக்குச் சந்தா வைத்தார். வாரம் ஒரு நீண்ட கட்டுரை எல்லோருக்கும். அன்றாடக் கடிதங்கள் கட்டினவர்களுக்கு. தனியாளாகத் தொடங்கியவர், அதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். நானும் அந்த வழியில்தான் போகிறேன். ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்கள் என்று நான்கு இடத்து விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள் விலையும் எல்லோருக்கும் போகும். வரத்து ஏன் குறைந்தது, எந்தத் தரத்துக்குப் போட்டி இருந்தது, வெளிமாநில ஆர்டர் எப்படி என்பது சந்தாதாரருக்கு. உங்கள் 600 பேரில் முதல் வருஷம் 40 பேர் கட்டினாலே அது நல்ல தொடக்கம். 60,000 ரூபாய். வேலையை விடுகிற கட்டம் அதில் இல்லை. வீட்டில் ஒரு வருஷச் செலவுக்கான பணம் சந்தாவிலிருந்தே சேர்ந்த பிறகு அதைப் பேசலாம்.

சப்ஸ்டாக் எழுதவும் அனுப்பவும் வசதியானது. பணம் என்று வரும்போதுதான் சிக்கல். வசூலில் 10 சதவீதம் அவர்களுக்கு. பணம் வருவது ஸ்ட்ரைப் என்ற பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் வழியாக மட்டும். அந்த ஸ்ட்ரைப் 2024 முதல் இந்தியாவில் புதுக்கணக்கை அழைப்பின் பேரில்தான் தருகிறது. அதோடு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க, வாடிக்கையாளர் முன்பே ஒப்புதல் பதிய வேண்டும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்கு முன் தகவல் போக வேண்டும். வெளிநாட்டுத் தளத்து மாதச் சந்தா நம் கார்டில் அடிக்கடி அறுந்துபோவதற்கு இது ஒரு காரணம். ஆகவே வருஷச் சந்தா, ஒரே தடவை, யுபிஐ. ரேஸர்பே மாதிரி நிறுவனத்தில் ஒரு பேமெண்ட் பக்கம் திறந்தால் சுமார் 2 சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் போகும், 60,000-க்கு ஏறக்குறைய 1,400 ரூபாய். கட்டினவர் பெயரை நீங்களே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். 40 பேருக்கு அது பெரிய வேலையா என்ன?

எந்தத் தளமானாலும், பட்டியலை மாதம் ஒருமுறை இறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

விவசாயிகளுக்கான என் மின்மடலுக்கு ஓர் உரக்கடைக்காரர் மாதம் 5,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். விளம்பரத்தோடு, கட்டுரைக்குள்ளும் அவர் மருந்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமாம். வாங்கலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

விளம்பரத்துக்கு வாங்குங்கள். நாலு வார்த்தைக்கு வாங்காதீர்கள்.

இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒருவர் கடன் வாங்கிய காசில் மருந்து வாங்கி நெல்லுக்கோ வாழைக்கோ அடிக்கிறார். பலிக்கவில்லை என்றால் அந்தப் போகமே போயிற்று. எழுதினவர் காசு வாங்கியிருந்தார் என்று அப்புறம் தெரிந்தால் அவர் உங்களை மட்டுமல்ல, நேர்மையாக எழுதுகிற எங்களையும் சேர்த்தேதான் நம்பமாட்டார்.

எனக்கும் இந்த மாதிரி வந்தது. ஒரு கமிஷன் மண்டியிலிருந்து, வருஷத்துக்கு என்று நல்ல தொகை. அவர்கள் விலையை முதலில் போட வேண்டும், வாரத்தின் குறைந்த விலையைப் பெரிதாகக் காட்டக்கூடாது. மறுத்துவிட்டேன். மஞ்சளை வாங்குகிறவர், விற்கிறவர், இருப்பு வைக்கிறவர் யாரிடமும் விளம்பரம் வாங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்து, அதைக் கடிதத்திலும் எழுதிவிட்டேன். சொட்டுநீர்க் குழாய், எடைமேடை, தார்ப்பாய் விற்பவர்களிடம் வாங்குகிறேன். அவர்களால் விலையைப் பற்றி நான் எழுதுவது மாறப்போவதில்லை. அந்த மறுப்பை எழுதிய வாரத்துக்குப் பிறகு சந்தா கூடியதே தவிரக் குறையவில்லை.

விளம்பரத்துக்குப் பெட்டி கட்டி, மேலே 'விளம்பரம்' என்று போடுங்கள். சமூக ஊடகத்தில் காசு வாங்கிச் சொல்கிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. கட்டணத்தை இதழுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்துப் பேசாதீர்கள். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியை மாற்றியபிறகு, திறக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் வருகிறது. எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்பதைக் காட்டுங்கள்.

எங்கள் பக்கம் எல்லோரும் வாட்ஸ்அப்தான். மெயில் யார் பார்க்கிறார்கள்?
– வாசகி, சென்னிமலை

உண்மைதான். அதனால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய விலையை வாட்ஸ்அப் சேனலில் ஒரு வரியாகப் போடுகிறேன், நீண்ட கடிதம் மெயிலில் போகிறது. குரூப் என்றால் 1,024 பேரோடு நின்றுவிடும். அதோடு காலை வணக்கப் படங்களுக்கு நடுவே நீங்கள் எழுதியது மேலே போய்விடும். சேனலில் இருப்பவர்களின் எண்களை உங்களால் வேறிடத்துக்கு எடுத்துப்போக முடியாது. மின்னஞ்சல் பட்டியல் உங்களோடு வரும். மெயிலே பார்க்காத பெரியவர்களுக்கு அவர்கள் பிள்ளைகளின் முகவரியை வாங்குங்கள். பிள்ளை படித்துவிட்டு அப்பாவுக்குப் போன் போடுவார்.

அனுப்பும் மெயில் பாதி ஸ்பேமுக்குப் போகிறது. ஜிமெயிலில் இருந்துதான் அனுப்புகிறேன்.
– வாசகர், கோவை

சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது, அது இந்த வேலைக்கானதும் இல்லை. சொந்தமாக ஒரு டொமைன், அதாவது உங்கள் பெயரில் ஓர் இணைய முகவரி, வாங்குங்கள். மின்மடல் அனுப்பும் சேவையில், கடிதம் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் போடச் சொல்லித் தருவார்கள்; போட்டுவிடுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பு. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இவை மூன்றும் கட்டாயம், ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் பட்டியல் சின்னது என்றாலும் முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்வது நல்லது. விலகுகிற வழியை ஒளித்து வைக்காதீர்கள். வழி தெரியாதவர் ஸ்பேம் என்று அழுத்திவிட்டுப் போவார். புதிதாகச் சேர்ந்தவரை முதல் கடிதத்துக்கு ஒரு வரி பதில் போடச் சொல்லுங்கள். அதன்பிறகு பெரும்பாலும் இன்பாக்ஸுக்கே போகும்.

சந்தாப் பணத்துக்கு வரி உண்டா? கொப்பரை, மஞ்சள் விலை ஏறும் இறங்கும் என்று எழுதினால் ஏதாவது சட்டச் சிக்கல் வருமா?
– வாசகர், காங்கயம்

வருமானம்தான், கணக்கில் காட்டியே ஆக வேண்டும். சேவைக்கான ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாக வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான். ஒரு தனி வங்கிக் கணக்கு வைத்து, சந்தாவும் செலவும் அதிலேயே போகும்படி பார்த்துக்கொண்டால், மார்ச் முடிந்ததும் ஆடிட்டரிடம் கொடுப்பது சுலபம்.

ஏலத்தில் என்ன விலை போனது, வரத்து எவ்வளவு, ஏன் என்று எழுதுவதில் சிக்கல் இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு, பின்னால் வரும் மாதத்துக்கு இன்றே விலை பேசும் ஊக வணிகத்தில் இன்ன மாதத்து மஞ்சளை வாங்கு, இன்ன விலையில் விற்றுவிடு என்று சொல்வது வேறு. 2015 முதல் அந்தச் சந்தை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கண்காணிப்பில் இருக்கிறது, அப்படி ஆலோசனை சொல்ல அங்கே பதிவு வேண்டும். என் வாசகர்களும் மாதம் தவறாமல் இதைத்தான் கேட்கிறார்கள். 'நாலு சந்தை விலையும் கீழே இருக்கிறது, உங்கள் குடோன் வாடகையும் கடன் வட்டியும் சேர்த்துப் பாருங்கள்' என்று எழுதி, அந்தக் கூட்டலை எப்படிப் போடுவது என்று காட்டுகிறேன்.