பல் ராவிய பிறகும் கினிப் பன்றி சாப்பிடவில்லை. பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று விட்டுவிடலாமா?

விடக் கூடாது. இன்றைக்கே ஊட்ட ஆரம்பியுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

கடைவாய்ப் பல்லை ராவி இரண்டு நாள் ஆகிறது, தட்டுப் பக்கம் ஓடி வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது, வெள்ளரித் துண்டை நக்குவதோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ ஒருவர் "பசித்தால் தின்னும், விடு" என்று சொல்லியிருப்பார். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

எங்களுடையதன் பெயர் பூசணி. பேரன் வைத்த பெயர். மகனுக்குப் பெங்களூருக்கு மாற்றலானபோது அங்கே வாடகை வீட்டில் பிராணிகள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், கூண்டோடு என்னிடம் வந்து சேர்ந்தது. ஓய்வு பெற்றவன் வீட்டில்தானே எல்லாம் வந்து சேரும். அதற்குப் பல் கோளாறு வந்து நான் அலைந்த நாட்களில் மைத்துனர் வந்து பார்த்துவிட்டு, "எலிக்குப் போய் இவ்வளவா மச்சான், ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா திங்கும்" என்றார். அவர் நாய் வளர்த்தவர். நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டாலும் தாங்கிக்கொள்ளும். கினிப் பன்றியின் குடலில் நார் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் நின்றாலே குடல் அசைவு மந்தமாகி வாயு கட்டும், அதற்கு மேல் போனால் ஈரலில் கொழுப்பு சேர ஆரம்பிக்கும். அப்புறம் பசியே இருக்காது. பசித்தால் தின்னும் என்பது இந்தப் பிராணிக்குப் பொருந்தாத கணக்கு.

அது அடம் பிடிக்கவும் இல்லை. அதன் வாயில் மொத்தம் 20 பற்கள், இருபதும் சாகும்வரை வளரும். புல்லை அரைத்து அரைத்துத் தேயவில்லை என்றால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமிருந்தும் உள்ளே சாய்ந்து நாக்கின்மேல் பாலம் போட்டுவிடும். நாக்கை அசைக்க முடியாமல் விழுங்குவது எப்படி? பூசணிக்கு அப்படித்தான் ஆனது. முகவாய் எப்போதும் ஈரம், இலையைக் கவ்வும், கீழே போடும். முதலில் போன கிளினிக்கில் முன்பல்லை மட்டும் நறுக்கி அனுப்பினார்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் கடைவாய்ப் பல் கெட்ட பிறகுதான் முன்பல் நீளும். சிறு பிராணிகள் பார்க்கிற டாக்டர் ஒருவரைத் தேடிப் பிடித்து, எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்து ராவியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ராவிய கையோடு சாப்பிட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். இத்தனை நாள் கோணலாக மென்ற தாடைத் தசை இழுபட்டிருக்கும், நாக்கிலும் கன்னத்திலும் புண் இருக்கும். அது சரியாகச் சில நாட்கள் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அதுவரை ஊட்டுவது உங்கள் வேலை.

நான் டாக்டர் இல்லை. "கட்டாயப்படுத்தி ஊட்டுவது கொடுமை" என்று எழுத இந்நேரம் ஒருவர் விரலைச் சொடுக்கிக்கொண்டிருப்பார். பட்டினியில் சாக விடுவது கருணையா என்று அவர் முதலில் சொல்லட்டும்.

சாப்பிடாமல் கிடக்கும் புல்தின்னிகளுக்குத் தண்ணீரில் கரைத்து ஊட்டவென்றே கிரிட்டிகல் கேர் என்று ஒரு பொடி வருகிறது, கிடைத்தால் நல்லது. எனக்கு வந்து சேரத் தாமதமானதால், பூசணி வழக்கமாகத் தின்னும் புல் பெல்லட்டை, அதாவது புல்லை அரைத்துச் சிறு குச்சிகளாக்கிய தீவனத்தை, வெந்நீரில் ஊறவைத்து, மிக்ஸியில் அடித்து, ஆறவைத்துக் கொடுத்தேன். ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்ச் போதும். கரைசல் அடைத்துக்கொண்டால் நுனியை வெட்டி, முனை குத்தாமல் தேய்த்துவிடுங்கள். துண்டில் சுற்றி மடியில் நான்கு காலும் கீழே இருக்கும்படி வையுங்கள், மல்லாத்தவே கூடாது, கரைசல் நுரையீரலுக்குள் போய்விடும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல் இல்லாத இடைவெளி இருக்கிறது, பக்கவாட்டில் அங்கே நுழைத்து அரை மி.லி. மட்டும் விடுங்கள். மெல்லட்டும். விழுங்கட்டும். அடுத்தது அதற்குப் பிறகுதான். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மி.லி. வரை, நாலைந்து வேளையாகப் பிரித்து. ராத்திரியிலும் ஒரு வேளை உண்டு. எனக்கு எப்படியும் நடுராத்திரியில் எழுந்திருக்கிற வயசு, சிரமம் தெரியவில்லை. முடிந்ததும் முகவாயை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் புண் வரும்.

தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். புழுக்கையையும் பாருங்கள். சிறுத்துக் காய்ந்திருந்தால் உள்ளே போவது போதவில்லை.

இவ்வளவு செலவு ஆனதா என்று கேட்பார்கள். ஆனது. அதே மாதம் என் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டேன், அதற்கும் ஆனது. வருடா வருடம் பிரீமியம் வாங்குகிற இன்சூரன்ஸ்காரர்கள் பல்லுக்குக் கிடையாது, விபத்தில் உடைந்தால் பார்க்கலாம் என்றார்கள். பல் உடம்பில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. அறுபது தாண்டியவனுக்கு வேறு எதில் கோளாறு வரும் என்று நினைத்து அந்தப் பாலிசியை எழுதினார்களோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்மைப் போலவே கினிப் பன்றிக்கும் உடம்பில் வைட்டமின் சி தயாராகாது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் தானியம் மட்டுமே போட்ட கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி, அதாவது அந்த வைட்டமின் இல்லாமல் வருகிற நோய், வந்ததைக் கண்டு எழுதினார்கள். நூறு வருடம் கழித்தும் விற்கிற கடையில் சூரியகாந்தி விதையும் கம்பும்தான் கட்டிக் கொடுக்கிறார்கள். வைட்டமின் சி குறைந்தால் பல்லைப் பிடித்திருக்கும் திசுவே தளரும். கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மி.கி. வேண்டும். நெல்லிக்காய்ச் சாறு புண் வாயில் எரிந்ததோ என்னவோ, பூசணி முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிவப்புக் குடைமிளகாயை அரைத்துக் கரைசலில் கலந்தேன், போனது.

அது தானாக முதலில் மென்றது அருகம்புல்லின் இளநுனியை. பிள்ளையார் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் வாங்கியது. மருந்து அடிக்காத புல்தானா என்று கேட்டு, நன்றாகக் கழுவிப் போடுங்கள். அடுத்து கொத்தமல்லி, மக்காச்சோளத் தோகை, தீக்குச்சி கனத்தில் சீவிய கேரட். புல்லை அது தானாக மென்று, எடையும் குறையாமல் நின்றால் சிரிஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்களா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே போன் போட்டுக் கேளுங்கள், வலியோடு எந்தப் பிராணியும் மெல்லாது. ஆனால் வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அந்த வகை மருந்து வாய்வழியே போனால் கினிப் பன்றியின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து ஆளையே கொன்றுவிடும்.