100 சி.சி.யிலிருந்து பெரிய வண்டிக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆறு வருடமாக ஸ்பிளெண்டர் ஓட்டுகிறேன். தினமும் ஆபீஸுக்கு 30 கி.மீ., மாதம் ஒருமுறை கொல்லிமலை. நண்பர்கள் 400 சி.சி. எடு என்கிறார்கள். அப்பா 350 போதும் என்கிறார். நேராக 400-க்குத் தாவலாமா?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: சி.சி.யை முதலில் ஓரமாக வையுங்கள். ஒரு குதிரைத்திறன் எத்தனை கிலோவை இழுக்கிறது என்று பாருங்கள்; அது குறையக் குறைய பிக்கப் கூடும். ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, 8 குதிரைத்திறன். ஆக 14 கிலோ. பல்சர் 150-ல் அது 11 கிலோவை ஒட்டி வரும். 195 கிலோ எடையும் 20 குதிரைத்திறனும் கொண்ட ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ல் 10-க்குச் சற்றுக் குறைவு. டிரையம்ஃப் ஸ்பீட் 400-ல் நாலரை கிலோகூட இல்லை. அதாவது 350-க்கும் 400-க்கும் இடையிலான 50 சி.சி. வித்தியாசம் பெயருக்குத்தான், உண்மையில் அவை இரண்டும் வேறு வேறு ரக வண்டிகள்.

கிளாசிக்கில் பிக்கப்பைத் தேடினால் ஏமாற்றம்தான். அதன் பலம் இழுவை (டார்க்). எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போதே 27 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடுவதால், பின்னால் ஆள் இருந்தாலும் அடிக்கடி கியர் குறைக்காமல் மலை ஏறும். ஸ்பீட் 400 தன் முழு இழுவையான 37.5 நியூட்டன் மீட்டரை 6,500 சுற்றில்தான் தரும்.

400-க்குத் தாவுவதில் ஆபத்து வேகம் மட்டுமல்ல. ஸ்பிளெண்டர் கற்றுத்தராத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, முன் பிரேக். டிரம் பிரேக் வண்டியில் வலது காலை நம்பியே பழகியிருப்பீர்கள். பெரிய வண்டியில் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் டிஸ்க்குடையது. பதற்றத்தில் அதைச் சட்டென்று அள்ளிப் பிடித்தால், நேர்கோட்டில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காப்பாற்றும். சாய்ந்திருக்கும்போது அதே காப்பை எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது, எஞ்சின் பிரேக்கிங், அதாவது ஆக்சிலரேட்டரை மூடியதும் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் குறைப்பது. வளைவுக்கு நடுவே பயந்து ஆக்சிலரேட்டரைப் பட்டென்று மூடினால் ஸ்பிளெண்டரில் பெரிதாக ஒன்றும் ஆகாது. பெரிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் வேகம் சடாரென்று இறங்கி, எடை முன் சக்கரத்துக்குப் பாயும், வண்டி போகும் கோடே மாறிவிடும். இறக்கத்தில் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்து, வளைவு முழுக்க ஆக்சிலரேட்டரை லேசாகத் திறந்தே வைத்திருங்கள்.

வண்டி எடுத்த முதல் வாரம் காலி மைதானத்தில் 40 கி.மீ. வேகத்தில் பழகுங்கள். முன் பிரேக்கை இரண்டு விரலால் முதலில் தொட்டு, எடை முன்னால் இறங்கிய பிறகு அழுத்தம் கூட்டுங்கள். கை தானாக அதைச் செய்யும் வரை மலைப்பக்கம் போக வேண்டாம்.

உங்கள் தேவைக்கு 350 போதும் என்பதே எங்கள் கருத்து. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு, 19 அங்குல முன் சக்கரம் கொண்ட கிளாசிக்கைவிட, 181 கிலோவும் 17 அங்குலச் சக்கரங்களும் கொண்ட ஹண்டர் 350 சுலபமாகத் திரும்பும். மாதாமாதம் நான்குவழிச் சாலையில் 100-ஐத் தொட்டு மணிக்கணக்கில் போகிறவர் என்றால் 400-ஐச் சொல்லியிருப்போம்.

கேள்வி: 350-க்கு மேல் போனால் செலவு எவ்வளவு கூடும்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் நினைப்பதைவிட அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். மூன்றாம் நபர் காப்பீடு புது வண்டிக்கு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். 2022-ல் நிர்ணயித்த விகிதப்படி 150-க்கு மேல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய், 350-ஐத் தாண்டினால் 15,117 ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம். ஆகவே ஷோரூம் விலையை விட்டுவிட்டு, வரியும் காப்பீடும் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள். நல்ல ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட்டுக்கான பணத்தையும் அதே பட்ஜெட்டில் இப்போதே ஒதுக்குங்கள். வண்டி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பெரும்பாலும் வாங்குவதே இல்லை.

கேள்வி: என் உயரம் 155 செ.மீ. இப்போது யமஹா எஃப்ஸி (FZ) ஓட்டுகிறேன். பெரிய வண்டியில் கால் எட்டுமா? உயரத்தைக் குறைத்துத் தருகிறோம் என்று மெக்கானிக் சொல்கிறார்.
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சீட் உயரம் என்ற ஒரே எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். 800 மி.மீ. உயரத்தில் முன்பக்கம் ஒடுங்கிய சீட், 780-ல் அகலமான சீட்டைவிடக் காலுக்கு எளிதாக எட்டும். ஷோரூமில் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஓட்டும்போது போடுகிற ஷூவோடு உட்காருங்கள். இரண்டு பாதங்களின் முன்பகுதியும் தரையில் படிந்தாலோ, ஒரு பாதம் முழுதாக ஊன்றினாலோ போதும். பிறகு வண்டியைக் கைப்பிடித்துத் தள்ளி லேசான ஏற்றத்தில் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். ஓட்டும்போது தெரியாத எடை பார்க்கிங்கில்தான் தெரியும். புது வண்டி கீழே விழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

உயரம் குறைக்க வேண்டுமென்றால் சீட் ஃபோமை ஓரங்களில் செதுக்கச் சொல்லுங்கள். சஸ்பென்ஷனில் கை வைக்க வேண்டாம். பின்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு மாறித் திரும்புவது மந்தமாகும். சைடு ஸ்டாண்ட் நீளமாகிப் போவதால் வண்டி நிமிர்ந்து நிற்கும், லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாயும். வேகத்தடையில் அடிப்பாகம் இடிக்கும்.

கேள்வி: பெரிய வண்டிக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான லைசென்ஸ் எல்லா சி.சி.க்கும் செல்லும்.

கேள்வி: செகண்ட்ஹேண்டில் 2019 மாடல் கேடிஎம் 390 டியூக் வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் பல சத்தங்களை மறைத்துவிடும். அடுத்து, விழுந்த தடயம். பக்கவாட்டு பேனலை மாற்றிவிடுவார்கள், ஆனால் லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, ஹேண்டில்பார் முனை ஆகியவற்றில் தேய்மானம் இருக்கும். ஹேண்டில்பாரை முழுதாகத் திருப்பினால் முட்டி நிற்கும் இடத்தில் ஃபிரேமைப் பாருங்கள்: அங்கே நசுங்கலோ விரிசலோ இருந்தால் பலத்த அடி பட்ட வண்டி, பேரமே பேசாமல் வந்துவிடுங்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோல் சிக்கினால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் மாற்ற வேண்டும். செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் கொக்கியாக வளைந்திருந்தால் செயினோடு செட்டாக மாற்றும் செலவைக் கழித்துக் கேளுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 3519 என்றால் 2019-ன் 35-ஆவது வாரம். மேல்பரப்பு தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்ட அந்த டயரை மழையில் நம்ப முடியாது. 150/60-17 பின் டயரின் இன்றைய விலையை விசாரித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30-ல் இருவரும் கையெழுத்திட்டு ஆர்டிஓவில் பெயர் மாற்ற வேண்டும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கிளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் பழைய உரிமையாளருக்குத்தான் சேரும்; அந்தச் சலுகைக்கான வித்தியாசத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் உங்களிடம் கேட்கும்.