வீட்டுச் சர்வருக்கு ஈசிசி ரேம் வாங்கலாமா?

குடும்பப் படங்களையும் கணக்கு வழக்குகளையும் வைக்க வீட்டிலேயே ஒரு சர்வர் அமைக்கிறீர்கள், நினைவகப் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்த உதவும் ஈசிசி ரேமுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுங்கள். கேம் ஆட மட்டும் என்றால் வேண்டாம் என்றிருப்பேன்.

2003-இல் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஸ்கார்பேக் என்ற ஊரில் ஒரு வேட்பாளர் கணக்கில் 4096 வாக்குகள் கூடுதலாக ஏறிவிட்டன. அவ்வளவு வாக்கு அவருக்குக் கிடைக்கவே வழியில்லை என்பதால்தான் விஷயம் வெளியே வந்தது. 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1-ஆகப் புரண்டால் கணக்கு இப்படித்தான் ஏறும். மென்பொருளில் தவறு எதுவும் சிக்காததால், பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். கூடிய எண் நம்பும்படி இருந்திருந்தால் யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்? கம்ப்யூட்டர் நின்றுபோனால் நமக்கே தெரியும். சத்தமில்லாமல் மாறிய எண்ணுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

ஈசிசி ரேம் தரவோடு சரிபார்ப்பு பிட்டுகளையும் சேர்த்து வைக்கிறது; டிடிஆர்4 தலைமுறை ரேமில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8. ஒரு பிட் தவறினால் திருத்திவிடும். இரண்டு தவறினால் திருத்த முடியாது, ஆனால் சொல்லிவிடும். அப்படிச் சொல்வதுதான் எனக்குப் பெரிது. கூகுள் சர்வர்களை வைத்து 2009-இல் வந்த ஆய்வில், ஓராண்டில் சுமார் 8 சதவீத ரேம் ஸ்டிக்குகளில் பிழை பதிவானது. ஒருமுறை பிழை வந்த ஸ்டிக்கிலேயே மறுபடியும் வரும் வாய்ப்பு மிக அதிகம். லினக்ஸில் ராஸ்டீமன் என்ற மென்பொருளைப் போட்டுவைத்தால் பிழைகள் பதிவாகும். கெட்டுவரும் ஸ்டிக்கை முன்கூட்டியே கழற்றிவிடலாம்.

டிஸ்க்கில் கோப்புகள் கெட்டால் கண்டுபிடிக்கும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ் இருக்கிறதே என்பார்கள். தரவு ரேமிலேயே கெட்டுவிட்டால், கெட்ட தரவுக்குத்தான் அது செக்சம் (சரிபார்ப்பு எண்) போடும். பேக்கப்பிலும் அதே கெட்ட கோப்புதான் போய் உட்காரும்.

வாங்கும்போது கவனம் தேவை. டிடிஆர்5 ரேமில் 'ஆன்-டை ஈசிசி' என்று போட்டிருப்பது சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டுமே. ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே நேரும் தவறை அது பிடிக்காது. மலிவாகக் கிடைக்கும் பழைய சர்வர் ரேம் பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு வகை, சாதாரண மதர்போர்டில் ஓடாது. நீங்கள் தேட வேண்டியது அன்பஃபர்டு ஈசிசி. இன்டெல் 12-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் என்றால் டபிள்யூ680 போன்ற போர்டு வேண்டும், செலவு அங்கேதான் ஏறுகிறது. ஏஎம்டியின் ரைசன் வரிசையில் பல பிராசஸர்கள் ஈசிசியை ஏற்கும். ஆனாலும் போர்டின் கையேட்டைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பணம் இடித்தால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள். பேக்கப் டிஸ்க்குக்கு ஒதுக்கியதில் மட்டும் கை வைக்காதீர்கள். டிஸ்க் செத்துப்போனால் ஈசிசியால் ஒன்றும் செய்ய முடியாது.