முதல் விமானம், முதல் டெல்லி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தமிழ்நாட்டிலிருந்து முதல்முறை விமானம் ஏறி டெல்லி பார்க்கப் போகிறவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்த ஹோட்டல் நல்லது என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அதில் நான் வாய் திறப்பதில்லை.

ஆதாரில் இனிஷியலோடு பெயர் இருக்கிறது. டிக்கெட் போடும்போது கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்கிறது. என்ன எழுதுவது? (தேனியிலிருந்து ஒரு தம்பி)

நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் இது. அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை முழுதாகப் போடுங்கள். ஒற்றை எழுத்தைச் சில தளங்கள் ஏற்பதில்லை. உங்கள் பெயரை மட்டும் ஆதாரில் உள்ள எழுத்து மாறாமல் எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டவே வேண்டாம், தெருவுக்கே அந்தப் பெயர்தான் தெரியும் என்றாலும். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அன்றே விமான நிறுவனத்துக்குப் போன் போடுங்கள். பயண நாள் காலையில் கவுண்டரில் நின்று கெஞ்சுவது வீண் அலைச்சல்.

அம்மாவுக்கு 62 வயது. காது அடைக்கும் என்று பயப்படுகிறார். (திருநெல்வேலி)

அடைக்கும்தான். ஆனால் ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் கவனம் தேவை. ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாகவே வெளியே போய்விடும். இறங்கும்போது வெளிக்காற்றை உள்ளே விட நாம்தான் விழுங்கியோ கொட்டாவி விட்டோ காதையும் தொண்டையையும் இணைக்கும் சிறு குழாயைத் திறக்க வேண்டும். அதனால் விமானம் தரையிறங்கப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும் அம்மாவைத் தூங்கவிடாதீர்கள். ஒரு புளிப்பு மிட்டாய் கொடுங்கள், எச்சில் ஊற ஊற விழுங்கட்டும். கைக்குழந்தை என்றால் அந்த நேரத்தில் பால் கொடுப்பது நல்லது. சளி பிடித்திருந்தால் மட்டும் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விமானம் மேலே போன கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்து, கீழே விழுவது போல் இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் விழவில்லை. ஓடுபாதையை விட்டு எழும்பும்போது எஞ்சினுக்கு முழு விசை தேவை. ஓரளவு உயரம் போனதும் விமானி அதைக் குறைப்பார். வயிற்றில் ஒரு லேசான குழைவு தெரியும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் காலுக்கடியில் 'டொம்' என்று கேட்டால் சக்கரம் உள்ளே போகிறது என்று அர்த்தம். தரையைத் தொட்டதும் எஞ்சின் உறுமுவது வேகத்தைக் குறைப்பதற்காக. ஆட்டம் குறைவாக வேண்டுமென்றால் இறக்கைக்குப் பக்கத்து இருக்கையைக் கேளுங்கள்.

முறுக்கு, ஊறுகாய், தேங்காய் எல்லாம் கொண்டுபோகலாமா?

முறுக்கு தாராளமாக. ஊறுகாய், நெய் கையில் வைத்திருக்கும் பையில் வேண்டாம், கசியாமல் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள். கொப்பரைத் தேங்காய் கூடாது, எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் என்று தடுப்பார்கள். பவர் பேங்க் நேர்மாறு: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டால் எடுக்கச் சொல்வார்கள். தீப்பெட்டி, லைட்டர் இரண்டிலும் கூடாது. எடை பெரும்பாலும் கைப்பை 7 கிலோ, பெட்டி 15 கிலோ. கூடினால் தனிக் காசு.

மூன்று நாள்தான். எதையெல்லாம் பார்ப்பது? (கோவையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

முதலில் காலண்டரைப் பாருங்கள் ஐயா. திங்கட்கிழமை செங்கோட்டை, தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம் எல்லாம் விடுமுறை. குதுப் மினாரும் உமாயூன் கல்லறையும் திறந்திருக்கும், திங்களை அவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இடங்களைக் கதை வரிசையில் பார்த்தால் மனதில் நிற்கும் என்பது என் கட்சி. புராணா கிலா என்ற பழைய கோட்டையில் எண்கோண வடிவில் ஒரு சிறிய மண்டபம் உண்டு, ஷேர் மண்டல் என்று பெயர். அதை நூலகமாக வைத்திருந்த முகலாய மன்னர் உமாயூன் 1556-இல் அதன் படிக்கட்டில் தவறி விழுந்துதான் இறந்தார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அவருடைய கல்லறை. மனைவி ஹாஜி பேகம் எழுப்பியது, 1572-இல் முடிந்தது. தாஜ்மஹாலுக்கு முன்னோடி இதுதான். 1857-இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் ஒளிந்திருந்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இதே வளாகத்தில்தான். ஒரு வம்சத்தின் முதல் பெரிய கல்லறையும் அதன் கடைசி அத்தியாயமும் ஒரே இடத்தில்.

இன்னொரு நாள் செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சௌக். மூன்றும் நடக்கும் தூரம். மசூதியில் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள், வெள்ளி மதியத்தைத் தவிருங்கள். இந்தியா கேட்டை மாலையில், விளக்கு போட்டபின் பாருங்கள்.

செங்கோட்டைக்குள் ஒன்றுமே இல்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்களே?

கூட்டத்தோடு ஓடினால் அப்படித்தான் தோன்றும். முகலாய மன்னர்களின் சிம்மாசனமான மயிலாசனத்தை 1739-இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா தூக்கிப்போனார். 1857-க்குப் பிறகு உள்ளே இருந்த அரண்மனைகளில் பெரும்பகுதியை ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டு, பட்டாளக் குடியிருப்பு கட்டினார்கள். இடையிடையே தெரிகிற அந்த மொட்டையான கட்டடங்கள் அவைதான். மிஞ்சிய பளிங்கு மண்டபங்களில் தரையைப் பாருங்கள்: ஒரு கால்வாய் மண்டபத்துக்கு மண்டபம் ஓடும். வெயில் காலத்தில் குளிர்ச்சிக்காக அதில் தண்ணீர் விட்டார்கள். 1945-இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது வழக்கு நடந்ததும் இந்தக் கோட்டையில்தான். அந்தப் படையில் மலாயாத் தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதால் நமக்கு இது தூரத்துச் சொந்தம் மாதிரி.

குதுப் மினார் மேலே ஏறலாமா?

முடியாது. 1981-இல் உள்ளே நெரிசலில் 45 பேர் இறந்தபின் படிக்கட்டை மூடிவிட்டார்கள். கீழேயே பார்க்க நிறைய இருக்கிறது. அருகிலுள்ள மசூதியின் தூண்களில் மணியும் சங்கிலியும் செதுக்கியிருப்பதைக் கவனியுங்கள், பழைய கோயில்களிலிருந்து வந்த தூண்கள் அவை. முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் சுமார் 1,600 ஆண்டுப் பழசு. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் உருவான மெல்லிய படலம்தான் துருவை அண்டவிடாமல் காக்கிறது.

அப்படியே தாஜ்மஹாலும்?

ஒரு நாள் தனியாக ஒதுக்கினால் முடியும். டெல்லியின் நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து காலையில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் சுமார் 100 நிமிடத்தில் ஆக்ரா சேர்க்கும், மாலையில் திரும்பும். வெள்ளிக்கிழமை தாஜ்மஹாலும் கிடையாது, அந்த ரயிலும் கிடையாது.

எந்த மாதம் போவது?

பிப்ரவரி, மார்ச் முதல் பாதி. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் பனிமூட்டம், அதிகாலை விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். போதாக்குறைக்கு ஜனவரி 26-க்கு முந்தைய நாட்களில் அணிவகுப்பு ஒத்திகைக்காக முற்பகலில் சில மணி நேரம் வான்வழியையே மூடுவார்கள். நவம்பரில் புகை. மே, ஜூன் வெயிலை நான் சொல்லவே வேண்டாம்.

இந்தி தெரியாது. ஏமாற்றிவிடுவார்களா? (மதுரையிலிருந்து ஒரு அக்கா)

மெட்ரோவில் போனால் பேசவே வேண்டியதில்லை அக்கா. மூன்றாம் முனையத்திலிருந்து விமான நிலைய மெட்ரோ சுமார் 20 நிமிடத்தில் புதுடெல்லி ரயில் நிலையத்தில் விடும். அங்கே வெளியே வந்ததும் "உங்கள் ரயில் ரத்து", "உங்கள் ஹோட்டல் மூடிவிட்டார்கள்" என்று நல்லவர் போல் யாராவது சொன்னால் நிற்காமல் நடங்கள். ஏதோ ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கிற வேலை அது. ஹோட்டல் எண்ணை முன்பே போனில் பதிந்துவைத்து நீங்களே அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்க் குரல் கேட்க ஆசையாக இருந்தால் ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் இருக்கிறது, முருகன் கோயில். மாலையில் போங்கள், படிக்கட்டிலேயே நாலு பேர் ஊர் விசாரிப்பார்கள்.