பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் உள்ள 'புரூஃப் முத்திரை' என்றால் என்ன?

குழலில் பொறித்திருக்கும் சின்ன அடையாளம்தான் அது. வழக்கத்தைவிடக் கூடுதல் வெடிமருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் பிளக்காமல், வீங்காமல் தாங்கினால் முத்திரை விழும். வாங்கியவர் கையில் வெடிப்பதைவிடச் சோதனைக் கூடத்தில் வெடிப்பது மேல், அவ்வளவுதான் காரணம். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அந்த மாதிரி. என்ன, இங்கே தட்டு கொஞ்சம் பலமாக விழும்.

குழல்களைச் சோதித்து முத்திரையிடும் லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனைக் கூடம் 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இரண்டுக்கும் முத்திரை வேறு. அதனால் சேகரிப்பவர்கள் முதலில் குழலின் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். மேலே லண்டன் கடைப் பெயர், குழலில் பர்மிங்ஹாம் முத்திரை என்றால் குழல் எங்கே சோதிக்கப்பட்டது என்று தெரிந்துவிடும்.

முத்திரை இருக்கிறதே, இன்றும் சுடலாம் என்று நினைக்காதீர்கள்: அது சோதித்த நாளைய நிலைமைக்கு மட்டுமே சாட்சி, பின்னால் பிடித்த துரு அதற்குத் தெரியாது.