கணினிக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில், மச்சு அறையில் வைத்துக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஐ5-12400 பிராசசர், அதோடு பெட்டியில் வந்த ஃபேன். சித்திரை பிறந்ததிலிருந்து ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டால் 98 டிகிரிக்குப் போய்விடுகிறது, வேகமும் குறைகிறது. மீன்தொட்டி மோட்டார், ஒரு ரேடியேட்டர், வீட்டுக் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர் இவற்றை வைத்து 3,000 ரூபாய்க்குள் வாட்டர் கூலிங் செய்துவிடலாம் என்கிறான் நண்பன். செய்யலாமா?

பதில்: செய்யலாம் தம்பி. ஆனால் அதற்கு முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கேபினட்டைத் திறந்து பாருங்கள். நம் பக்கத்தில் ஆனி, ஆடிக் காற்று அடித்து முடிந்ததும் என்னிடம் வருகிற கணினிகளில் பாதிக்கு வியாதி ஒன்றுதான். ஃபேனைக் கழற்றினால், அதற்கும் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் புழுதி கம்பளித் துணி மாதிரி படிந்திருக்கும். நகத்தால் நெம்பினால் ஒரே விரிப்பாகப் பெயர்ந்து வரும். அதற்குள் காற்று எப்படிப் போகும்? பிராசசர் மேல் தடவிய பேஸ்ட்டும் காய்ந்த சந்தனம் போலப் பொருக்குத் தட்டியிருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள். திரும்ப மாட்டும்போது நான்கு மூலைப் பிளாஸ்டிக் ஊசிகளும் ‘டக்’கென்று இறங்கினதா என்று பாருங்கள். ஒன்று தூக்கிக்கொண்டிருந்தாலும் சூடு இறங்காது.

இந்த பிராசசர் சாதாரணமாக 65 வாட், முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். 100 டிகிரியை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்களுக்கு நடப்பது அதுதான். சுத்தம் செய்தும் அடங்கவில்லை என்றால், 2,000 ரூபாய் அளவில் கிடைக்கிற நல்ல டவர் கூலரே (உயரமான தகடு அடுக்கும் ஃபேனும் கொண்டது) இதற்குப் போதும். இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பணம்.

அப்புறமும் தண்ணீர்தான் வேண்டும் என்றால், ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் சூட்டைச் சுமந்துகொண்டு போகும், அவ்வளவுதான். எங்கேயாவது கொண்டுபோய் இறக்கியாக வேண்டும். ரேடியேட்டரை அறைக்குள் வைத்தால் சூடு அறைக் காற்றில்தான் இறங்கும். அறை 37 டிகிரியில் இருந்தால் தண்ணீர் அதற்குக் கீழே போகவே போகாது. மச்சு அறை, மேலே வெயிலில் காய்கிற தட்டட்டி. அந்த வெக்கையில் மோட்டாரைப் பெரிதாக வாங்கி என்ன பயன்?

உங்கள் ஊரிலிருந்து சேரன்மகாதேவிக்குப் போகிற வழியில் காருகுறிச்சி இருக்கிறது. அங்கே 20 லிட்டர் பிடிக்கிற மண்பானை ஒன்று வாங்குங்கள். பெயிண்ட் அடித்தது வேண்டாம், கசிய வேண்டும். ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் செம்புக் குழாயில், 10 மில்லிமீட்டர் விட்டத்தில் மூன்று நான்கு மீட்டர் வாங்கிச் சுருளாக வளைத்துப் பானைக்குள் இறக்குங்கள். பானையை ஜன்னலுக்கு வெளியே, நிழலில், காற்று படுகிற இடத்தில் வையுங்கள். இதுதான் உங்கள் ரேடியேட்டர்: பிராசசரின் சூட்டை வாங்கிய தண்ணீர் சுருளுக்குள் ஓடும், பானைத் தண்ணீர் வெளியிலிருந்து அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். சூடும் அறையை விட்டே வெளியேறிவிடும்.

தாங்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 வாட் சூடு ஒரு மணி நேரம் இறங்கினால் 20 லிட்டர் தண்ணீர் நான்கு டிகிரி சொச்சம் ஏறும். அதை முழுக்க ஆவியாலேயே தள்ள மணிக்கு 150 மில்லி தண்ணீர் ஆவியாக வேண்டும். பானை அவ்வளவு கசியாது. கசிகிற வரை குளிரும், மிச்சத்தைத் தண்ணீர் உள்வாங்கிக்கொண்டு ராத்திரியில் ஆறிவிடும். மூன்று, நான்கு மணி நேர ரெண்டருக்குக் கவலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பானை அவ்வளவாகக் குளிராது. அப்போது அறையும் இவ்வளவு காயாது, சரியாகப் போகும். ஐஸ் மட்டும் போடாதீர்கள். பிராசசர் மேல் பனி கோர்த்துச் சொட்டி, போர்டு போய்விடும். கசிந்து குளிர்கிற பானையில் அந்தப் பயம் இல்லை. காற்றின் ஈரம் பனியாகிற அளவுக்கு அது இறங்காது.

குழாய் செம்பு என்றால் பிராசசர் மேல் உட்காருகிற வாட்டர் பிளாக்கும் செம்பாகவே இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அலுமினியம் வாங்கிவிடாதீர்கள். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். நான் முதலில் செய்ததில் இந்தத் தப்பு நடந்தது. ஆறு மாதத்தில் பிளாக்கைப் பிரித்தபோது நுண்வழி எல்லாம் சாம்பல் நிறக் கூழ் அடைத்திருந்தது.

மீன்தொட்டி மோட்டாரை விட்டுவிடுங்கள். அது 230 வோல்ட்டோடு தண்ணீரில் கிடப்பது. 12 வோல்ட் டிசி பம்ப், மணிக்கு 240 லிட்டர் தள்ளுவது, நான்கைந்து வாட்தான் எடுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளைப் பெட்டி) மஞ்சள், கறுப்பு வயர்களில் கொடுத்துவிடலாம். மேலே ஒரு சின்ன பாட்டில் வைத்து அதன் வழியாக நிரப்புங்கள், குழாயில் இருக்கிற காற்று அதில் ஏறி வெளியேறும். பம்ப் வறண்டு ஓடக் கூடாது.

இனி ஆற்றுத் தண்ணீருக்கு வருகிறேன். குழாய்க்குள் அது வேண்டாம். எவ்வளவு நல்ல தண்ணீரானாலும் உப்பும் பாசியும் அதில் உண்டு. பேட்டரி கடையில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுங்கள். கேட்டு வாங்குங்கள், பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும்.

எல்லாம் மாட்டியதும் கணினியை ஆன் செய்யாமல், பம்பை மட்டும் ஒரு முழு நாள் ஓட்டுங்கள். ஒவ்வொரு கிளாம்புக்கும் கீழே டிஷ்யூ காகிதம் வையுங்கள். ஒன்று நனைந்திருந்தாலும் இறுக்கிவிட்டு மறுபடி ஒரு நாள்.

பானைக்குள் தாமிரபரணியையே ஊற்றலாம், தினமும் குறைகிற அளவு சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை காலிசெய்து, வெளிப்பக்கம் பூக்கிற உப்பைத் தேங்காய் நாரால் தேயுங்கள், இல்லாவிட்டால் கசிவு நின்றுவிடும். பானை வாயைப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். டெங்குக் கொசு இந்த மாதிரித் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும்.